மெதுவாகச் சொன்ன வரி: வீட்டில் பதிந்த கன்ட்ரி பாட்டும் கம்ப்ரஸரும்

அமெரிக்காவில் பழைய கிண்டல் ஒன்று உண்டு. ஒரு கன்ட்ரி பாட்டைக் கடைசியிலிருந்து தலைகீழாக ஓடவிட்டால் என்ன ஆகும்? விட்டுப்போன மனைவி திரும்பி வருவாள், செத்துப்போன நாய் எழுந்து வாலாட்டும், கடனுக்குப் பறிபோன பிக்கப் வண்டி மறுபடி வாசலில் வந்து நிற்கும்!

கிண்டலுக்குள் ஓர் உண்மை இருக்கிறது. கன்ட்ரி பாட்டு பெரும்பாலும் ஓர் இழப்பின் கதை. மூன்று சரணம், ஒரு பல்லவி, மூன்று நான்கு நிமிடம், அவ்வளவுதான். பாடுகிறவர் பெரிய வித்தை எதுவும் காட்டுவதில்லை. திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி பாடுகிறார். பல்லவி வரும்போது குரல் உயரும். ஆனால் கதையின் முள் இருக்கும் வரியில் குரல் பெரும்பாலும் தாழ்ந்துவிடும். வீட்டில் நடந்த துக்கத்தை யாரும் கத்திச் சொல்வதில்லை அல்லவா?

இந்த உயர்வு தாழ்வைத்தான் ஒலிப்பதிவுக்காரர்கள் டைனமிக்ஸ் என்கிறார்கள். ஒரு பாட்டின் மிக மெல்லிய இடத்துக்கும் மிக உரத்த இடத்துக்கும் உள்ள தூரம் அது. கம்ப்ரஸர் என்ற கருவியின் வேலை அந்தத் தூரத்தைக் குறைப்பது. கன்ட்ரி பாட்டின் உயிர் எந்த இடத்தில் இருக்கிறதோ, சரியாக அதே இடத்தில் கை வைக்கிற கருவி! அதனால்தான் வீட்டில் உட்கார்ந்து மிக்ஸிங் செய்கிறவர்கள் இதில் அதிகம் தடுமாறுகிறார்கள். போடாவிட்டால் பாதி வார்த்தை கேட்பதில்லை. போட்டால் பாட்டு செத்துவிடுகிறது.

வீட்டுப் பதிவு என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டியதில்லை. 1982 ஜனவரியில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நியூ ஜெர்சியில் ஒரு வாடகை வீட்டின் படுக்கையறையில், நான்கு டிராக் கேசட் மெஷின் ஒன்றையும் இரண்டு எஸ்எம்57 மைக்குகளையும் வைத்துச் சில பாடல்களைப் பதிந்தார். இசைக்குழுவுக்குக் காட்ட ஒரு மாதிரி வேண்டும் என்பதுதான் நோக்கம். பிறகு குழுவோடு ஸ்டூடியோவில் அதே பாடல்களைப் பெரிதாக வாசித்துப் பார்த்தார்கள். கேசட்டில் இருந்த ஏதோ ஒன்று அங்கே வரவில்லை. கடைசியில் அந்தக் கேசட்டே 'நெப்ராஸ்கா' என்ற ஆல்பமாக அந்த ஆண்டு செப்டம்பரில் வெளிவந்தது. ஸ்பிரிங்ஸ்டீன் ராக் பாடகர்தான். ஆனால் கன்ட்ரி உலகின் பெரியவர் ஜானி கேஷ் அதிலிருந்து இரண்டு பாடல்களை எடுத்து 1983-ல் தன் ஆல்பத்தில் பாடினார். அதே கேஷ் 1994-ல் 'அமெரிக்கன் ரெக்கார்டிங்ஸ்' ஆல்பத்தைப் பெரும்பாலும் தயாரிப்பாளர் ரிக் ரூபினின் வீட்டு ஹாலிலும் டென்னஸியில் தன்னுடைய மரக்குடிலிலும் உட்கார்ந்து பதிந்தார். ஒரு குரல், ஒரு கிதார், வேறொன்றும் இல்லை. அதற்கு கிராமி விருதும் கிடைத்தது.

ஆக, அறையோ கருவியோ மட்டும் பாட்டைக் கெடுப்பதில்லை. பதிந்தபின் நடப்பதுதான் பல நேரம் கெடுக்கிறது.

ஓர் உதாரணத்தோடு போகலாம். டென்னஸியில் ஒரு சிறு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பகலெல்லாம் லாரி ஷெட்டில் வேலை பார்க்கும் ஒருவர், பிள்ளைகள் தூங்கியபிறகு படுக்கையறையில் மைக்கை நிறுத்தித் தான் எழுதிய பாட்டைப் பாடுகிறார். அப்பாவின் பண்ணை ஏலத்தில் போன கதை. முதல் சரணத்தில் ஏலம் கேட்க வந்த கூட்டம், இரண்டாவதில் ஒவ்வொன்றாக விலைபோகும் சாமான்கள். மூன்றாவதில் எல்லோரும் போனபிறகு, கொட்டகை ஆணியில் அப்பாவின் தொப்பி மட்டும் தொங்குகிறது. அந்த வரியை அவர் கிட்டத்தட்டப் பேச்சாகவே சொல்கிறார். பல்லவியில் குரல் உடைந்து மேலே போகிறது. பல்லவிக்கும் தொப்பி வரிக்கும் நடுவே 12 டெசிபல் வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளலாம். 10 டெசிபல் கூடினாலே காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு உரக்கக் கேட்கும். அப்படியென்றால் இந்த 12 சின்ன விஷயமில்லை.

இப்போது கம்ப்ரஸர். அதில் முக்கியமான திருகுகள் ஐந்து. த்ரெஷோல்ட் என்பது ஒரு கோடு. ஒலி அந்தக் கோட்டைத் தாண்டும்போதுதான் கருவி வேலை செய்யும். ரேஷியோ என்பது தாண்டியதை எவ்வளவு அமுக்குவது என்ற கணக்கு. 4-க்கு 1 என்றால், கோட்டுக்கு மேல் 4 டெசிபல் போனது 1 டெசிபலாக வெளியே வரும். அட்டாக், அமுக்க ஆரம்பிக்க எடுக்கும் நேரம். ரிலீஸ், அமுக்கிய கையை எடுக்க ஆகும் நேரம். கடைசியாக மேக்கப் கெயின். அமுக்கியதில் குறைந்துபோன சத்தத்தை மொத்தமாகத் தூக்கிக் கொடுப்பது.

நம் லாரி ஷெட்காரர் இணையத்தில் எங்கோ படித்ததை வைத்து 4-க்கு 1 போடுகிறார். த்ரெஷோல்டைத் தொப்பி வரியின் அளவுக்கே இறக்கிவிடுகிறார். என்ன ஆகும்? பல்லவி கோட்டுக்கு மேல் 12 டெசிபல் போகிறது. அது 3 ஆக வெளியே வருகிறது. 9 டெசிபல் காணாமல் போனது. சத்தம் குறைந்துவிட்டதே என்று மேக்கப்பில் 9 டெசிபல் தூக்குகிறார். இப்போது தொப்பி வரியும் பல்லவியும் கிட்டத்தட்ட ஒரே உயரம். தூங்கும் பிள்ளைகளை எழுப்பாமல் மெல்லச் சொன்ன வரி, ஏலக்காரனின் குரல் மாதிரி காதுக்குள் வந்து நிற்கிறது. வார்த்தை தெளிவாகக் கேட்கிறது, வாஸ்தவம்தான். ஆனால் கதை போய்விட்டது.

அதோடு முடியவில்லை. மேக்கப்பில் தூக்கிய 9 டெசிபல் குரலை மட்டும் தூக்காது. சமையலறை ஃபிரிட்ஜின் ரீங்காரம், நாற்காலியின் கிறீச், ஜன்னலுக்கு வெளியே போகும் வண்டி, ஒவ்வொரு மூச்சு, எல்லாமே 9 டெசிபல் மேலே வந்துவிடும். அதுவும் அவர் பாடாத இடைவெளிகளில்தான் பளிச்சென்று தெரியும். நல்ல ஸ்டூடியோவில் அறை அமைதியாக இருப்பதால் அங்கே பலமாக அமுக்கினாலும் இந்த வம்பு குறைவு. ஸ்டூடியோக்காரர் சொன்ன எண்களை வீட்டில் அப்படியே போடக்கூடாது என்பதற்கு இதுவே முதல் காரணம்.

இதையே வேறு மாதிரி செய்யலாம். த்ரெஷோல்டைத் தொப்பி வரிக்கு 6 டெசிபல் மேலே வைத்து, 2-க்கு 1 போட்டால்? பல்லவி கோட்டைத் தாண்டுவது 6, வெளியே வருவது 3. இழப்பு 3 டெசிபல் மட்டும். பல்லவிக்கும் தொப்பி வரிக்கும் இடையே இன்னும் 9 டெசிபல் மிச்சம் இருக்கிறது. ஃபிரிட்ஜும் 3 டெசிபல்தான் ஏறும். முக்கியமான விஷயம், மூன்றாம் சரணம் ஓடும்போது கம்ப்ரஸரின் முள் அசையவே இல்லை. இதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளலாம்: எந்த வரி தாழ்ந்தே இருக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். அந்த வரியில் முள் அசையாதபடி கோட்டைப் போட வேண்டும். மற்ற எண்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

சரி, தொப்பி வரியில் ஒரு வார்த்தை மட்டும் மிகவும் விழுங்கப்பட்டிருந்தால்? அதற்குக் கம்ப்ரஸர் வேண்டாம், கை போதும். கணினியில் அந்த ஒரு வார்த்தையைப் பிரித்து 2 அல்லது 3 டெசிபல் ஏற்றிவிடலாம். அந்தக் காலத்தில் மிக்ஸிங் மேஜையில் ஃபேடரில் விரலை வைத்துக்கொண்டு, பாட்டு ஓடும்போதே ஏற்றி இறக்கிச் செய்த வேலைதான் இது. மூன்று நிமிடப் பாட்டுக்கு வரிவரியாக இதைச் செய்ய அரை மணி, ஒரு மணி நேரம் ஆகலாம். சலிப்பான வேலை. ஆனால் கம்ப்ரஸருக்கு வார்த்தையின் அர்த்தம் தெரியாது. எந்த வார்த்தை விழுங்கப்பட்டது, எது வேண்டுமென்றே மெல்லச் சொல்லப்பட்டது என்று பிரித்தறிய ஒரு மனிதனால்தான் முடியும்.

இன்னும் ஒரு படி பின்னால் போனால், பதியும்போதே பாதி வேலையை முடித்துவிடலாம். 1927-ல் ரால்ஃப் பியர் என்பவர் டென்னஸி, வர்ஜீனியா எல்லையில் உள்ள பிரிஸ்டல் ஊருக்கு மெஷினைக் கொண்டுபோய்ப் பாடகர்களைப் பதிந்தார். கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ரோஜர்ஸும் முதன்முதலில் பதிவானது அங்கேதான். மிக்ஸிங்கில் பிறகு சரிசெய்துகொள்ள அன்று வழியே கிடையாது. யார் மைக்குக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறார்கள் என்பதுதான் மிக்ஸிங்! ப்ளூகிராஸ் குழுக்கள் இன்றும் மேடையில் ஒரே மைக்கைச் சுற்றி நின்று இதைச் செய்கின்றன. தனியாக வாசிக்கிறவர் முன்னே வருவார், முடிந்ததும் பின்னே நகர்வார். கணக்கும் எளிது. தூரம் இரண்டு மடங்கானால் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். மூன்றாம் சரணத்தை 15 செ.மீ. தூரத்தில் பாடிவிட்டுப் பல்லவிக்கு 30 செ.மீ. தள்ளிப்போனால், எந்தக் கருவியும் இல்லாமலே 6 டெசிபல் அமுங்கிவிடும். பக்கத்தில் பாடும்போது இந்த வகை மைக்கில் குரலின் அடித்தன்மை கூடும் என்பது உபரி லாபம். தொப்பி வரிக்கு அதுவே பொருத்தம்.

24 பிட்டில் பதிந்தால் இன்னொரு பயமும் வேண்டாம். சத்தம் குறைவாக ஏறினால் இரைச்சல் வருமே என்று எல்லா ஊசியையும் சிவப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பதிந்தது கேசட் காலப் பழக்கம். இப்போது உச்சத்தில் 10 டெசிபல் இடம் விட்டுப் பதிந்தாலும் ஒன்றும் குறையாது. பல்லவி உடைந்து மேலே போகும்போது கிழியாமல் இருக்கும்.

வாத்தியங்களுக்கு வரலாம். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு போடுவதுதான் வீட்டுப் பதிவில் அடிக்கடி நடப்பது. அக்கூஸ்டிக் கிதாரில் உயிர் இருப்பது பிக் கம்பியில் படும் முதல் சில மில்லிசெகண்டில். அட்டாக்கை 1 மில்லிசெகண்டில் வைத்தால் கருவி அந்தத் துள்ளலைத்தான் முதலில் அமுக்கும். 20, 30 மில்லிசெகண்ட் விட்டால் துள்ளல் தப்பிப் போய்விடும், பின்னால் வரும் நாதம் மட்டும் அடங்கும். ஜானி கேஷ் 1956-ல் 'ஐ வாக் தி லைன்' பதிந்தபோது கம்பிகளுக்கு இடையே ஒரு காகிதத்தைச் செருகி டிரம் அடிப்பது போன்ற ஓசையைக் கிதாரிலேயே கொண்டுவந்தார். அப்படிப்பட்ட தாளக் கிதாரைத் தவறான அட்டாக்கில் போட்டால் ரயில் ஓசை போய் மாவரைக்கும் ஓசைதான் மிஞ்சும். ரிலீஸுக்குத் தாளமே கணக்கு. நிமிடத்துக்கு 120 அடி என்றால் ஓர் அடிக்கும் அடுத்ததற்கும் 500 மில்லிசெகண்ட். அடுத்த அடி வருமுன் முள் பழைய இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் கிதார் நிமிரவே நிமிராது.

பெடல் ஸ்டீல் விஷயம் சுவாரசியமானது. அழுவதுபோல இழுத்து ஒலிக்குமே, அந்த வாத்தியம்தான். அதை வாசிப்பவரின் காலடியில் ஒரு வால்யூம் பெடல் இருக்கும். கம்பியின் நாதம் தேயத் தேய அவர் பெடலை மெல்ல அழுத்திச் சத்தத்தைத் தாங்கிப் பிடிப்பார். அதாவது அவருடைய காலே கம்ப்ரஸர்! அதற்கு மேல் இன்னொரு கம்ப்ரஸரைப் பலமாகப் போடுவது, ஏற்கெனவே உப்புப் போட்ட குழம்பில் மறுபடி உப்பைக் கொட்டுவது போல.

பேஸுக்கு மாறாகக் கொஞ்சம் தாராளமாகவே போடலாம். அடித்தளம் ஆடக்கூடாது. ஆனால் அங்கேயும் ஒரு பொறி உண்டு. 3 மீட்டர் அகல அறையில் எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே சுமார் 57 ஹெர்ட்ஸில் ஒலி தேங்கி நிற்கும். பேஸின் ஏ கம்பியைத் திறந்தபடி வாசித்தால் வருவது 55 ஹெர்ட்ஸ். ஆக, டபுள் பேஸை அந்த அறையில் மைக் வைத்துப் பதிந்தால் அந்த ஒரு ஸ்வரம் மட்டும் குடம் மாதிரி முழங்கக்கூடும். அது வாசித்தவரின் தவறல்ல, அறையின் குறும்பு. கம்ப்ரஸரைப் போட்டு அமுக்கினால் அந்த ஸ்வரத்தின் விரல் ஓசையும் சேர்ந்து அமுங்கும். மைக்கையும் ஆளையும் ஓரிரண்டு அடி நகர்த்திப் பார்ப்பதுதான் மருந்து.

இவ்வளவும் படித்துவிட்டுக் கம்ப்ரஸர்தான் வில்லன் என்று நினைத்தால் அதுவும் தப்பு. கன்ட்ரி கிதாரில் டெலிகாஸ்டரின் அந்தக் கொத்திக் கொத்தி வாசிக்கும் பாணிக்குக் கம்ப்ரஸர் பெடல் பல காலமாக ஓசையின் பாகமாகவே இருக்கிறது. அது இல்லாவிட்டால்தான் அந்த ஓசை வராது. பின்னணியில் சேர்ந்து பாடும் இரண்டாம் குரலைப் பிரதான குரலைவிட அதிகமாக அமுக்கலாம். அது பின்னால் ஒரே இடத்தில் நின்று தோள் கொடுக்க வேண்டிய குரல். பிரதான குரலுக்கே கொஞ்சம் கூடுதல் பிடி தேவைப்பட்டால், ஒரே கருவியில் 6 டெசிபல் அமுக்குவதைவிட, வேகமான ஒன்றில் 2, 3, நிதானமான இன்னொன்றில் 2, 3 என்று பிரித்துப் போடுவது காதை உறுத்தாது. அல்லது குரலின் நகல் ஒன்றைப் பலமாக நசுக்கி, அசல் குரலுக்கு அடியில் லேசாகக் கலக்கலாம். மெல்லிய வார்த்தைகளுக்கு அது தாங்கல் கொடுக்கும், உச்சம் பெரும்பாலும் உச்சமாகவே இருக்கும்.

கேட்பவரையும் மறக்கக்கூடாது. இந்தப் பாட்டைக் கேட்கப்போகிறவர் அமைதியான அறையில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார் என்பது ஆசை. நிஜத்தில் அவர் நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார். எஞ்சின் சத்தத்தில் தொப்பி வரி மூழ்கிப்போனால் 12 டெசிபலைக் கட்டிக்காத்து என்ன பயன்? 12-ஐ 9 ஆக்கியதன் நியாயம் அதுதான். 3 ஆக்க அது நியாயமல்ல.

பின் ஏன் இத்தனை பேர் 3-க்கே போகிறார்கள்? பக்கத்துப் பாட்டைவிடத் தன் பாட்டு சின்னதாகக் கேட்குமோ என்ற பயம். சிடி காலத்தில் இந்தப் பயம் ஒரு போராகவே நடந்தது. 2008-ல் மெட்டாலிகாவின் 'டெத் மேக்னடிக்' வந்தபோது, ஒலி நசுங்கிக் கிழிகிறது என்று ரசிகர்களே கொதித்தார்கள். அதே பாடல்கள் ஒரு வீடியோ விளையாட்டில் அவ்வளவு நசுக்கப்படாமல் வந்திருந்ததால் ஒப்பிட்டுப் பார்க்கவும் முடிந்தது. இப்போது அந்தப் போருக்கு அர்த்தமே குறைந்துவிட்டது. ஸ்பாட்டிஃபை போன்ற சேவைகள் ஒவ்வொரு பாட்டின் சராசரி உரப்பையும் அளந்து ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருகின்றன. ஸ்பாட்டிஃபையின் இயல்பான மட்டம் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ். ஒருவர் தன் பாட்டை நசுக்கி நசுக்கி மைனஸ் 8-க்குக் கொண்டுபோனால் அது 6 டெசிபலைக் குறைத்துவிடும். சத்தமும் மிஞ்சாது, ஏற்ற இறக்கமும் மிஞ்சாது. இரண்டுக்கும் நடுவே பாட்டுதான் நஷ்டம்.

பயத்துக்கு இன்னொரு பதில் 1975-ல் கிடைத்தது. வில்லி நெல்சன் 'ரெட் ஹெட்டட் ஸ்ட்ரேஞ்சர்' ஆல்பத்தை டெக்ஸாஸில் ஒரு சிறு ஸ்டூடியோவில் மிகக் குறைந்த வாத்தியங்களோடு பதிந்து கொடுத்தார். கேட்ட கம்பெனி அதிகாரிகள் இது முடிக்காத மாதிரிப் பதிவு போல இருக்கிறதே என்று தயங்கினார்கள். ஒப்பந்தப்படி கடைசி வார்த்தை வில்லியுடையதாக இருந்ததால் அது அப்படியே வெளிவந்தது. அதிலிருந்து ஒரு பாட்டு அந்த ஆண்டே கன்ட்ரி வரிசையில் முதலிடத்துக்குப் போனது. காலியாக விட்ட இடத்தை ஜனங்கள் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

மிக்ஸிங் முடிந்ததா என்று தெரிந்துகொள்ள மூன்று சோதனைகள் போதும். ஒன்று, கம்ப்ரஸர் போட்டதையும் போடாததையும் ஒரே உரப்புக்குக் கொண்டுவந்து மாற்றி மாற்றிக் கேட்பது. உரக்கக் கேட்பது எப்போதும் நன்றாக இருப்பதாகவே காது ஏமாறும். மேக்கப் கெயினின் மயக்கம் அங்கேதான் தெளியும். இரண்டு, மிகக் குறைந்த சத்தத்தில் ஓடவிட்டுப் பாத்திரம் கழுவுவது. குழாய்ச் சத்தத்துக்கு நடுவே கதை புரிய வேண்டும். எங்கே புரியவில்லையோ அந்த வார்த்தையை மட்டும் கையால் ஏற்ற வேண்டும். மூன்று, மறுநாள் காலை, பாட்டை இதுவரை கேட்காத ஒருவரைக் கூப்பிட்டு முன்னால் உட்காரவைப்பது. அவரிடம் ஒலி எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டாம். மூன்றாம் சரணம் வரும்போது அவர் தலை லேசாக ஸ்பீக்கர் பக்கம் சாய்கிறதா என்று மட்டும் கவனித்தால் போதும். மெதுவாகப் பேசுகிறவரிடம் மனிதர்கள் அப்படித்தான் சாய்வார்கள்.

சாய்ந்தால், இனி ஒரு திருகையும் தொடாமல் பாட்டைச் சேமித்துவிட்டு வேலைக்குக் கிளம்பலாம்.